தற்போதைய முகவரி

போன மாதம் ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் இருந்த நாற்காலியில் இப்போது அவள் இருக்கிறாள். பாதுகாப்பு அலுவலர் என்பது பதவியின் பெயர். வீட்டில் அடி வாங்கிய பெண்கள் நீதிமன்றத்துக்குப் போவதற்கு முன்னால் வந்து உட்காரும் மேஜைக்கு இந்தப் பக்கம் இருப்பவர் என்று அர்த்தம். வேலைக்கு வந்து ஆறு மாதம் ஆகிறதாம். குரலில் இன்னும் பயம் போகவில்லை. போகாமல் இருப்பதே நல்லது.

"மேடம், இப்பல்லாம் அறிக்கைய கம்ப்யூட்டர்லதான் ஏத்தணும். 'தற்போதைய முகவரி'ன்ற கட்டத்துல செகப்பா ஒரு நட்சத்திரம் போட்டிருக்கு. அத நிரப்பலன்னா அடுத்த பக்கத்துக்கே போவ மாட்டேங்குது. இந்தம்மா தங்கியிருக்கற எடத்தப் போடாதீங்கன்னு கெஞ்சுது. நீங்கல்லாம் அப்ப என்னா மேடம் பண்ணீங்க?"

"ஆஃபீஸ் அட்ரஸப் போடு. நெஜ அட்ரஸ ஒரு தாள்ல எழுதி, கவர்ல போட்டு ஒட்டி, மாஜிஸ்திரேட் கையில மட்டும் குடு."

"நல்ல ஐடியாவா இருக்குதே மேடம். யார் சொல்லிக்குடுத்தாங்க?"

அடுப்பில் பால் இருக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் பால் எதுவும் இல்லை. ஓய்வு பெற்ற பிறகும் இந்தப் பழக்கம் என்னை விடவில்லை. யாராவது கடுமையாகக் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவேன். அன்பாகக் கேட்டால்தான் பொய் வந்துவிடுகிறது. அந்தப் பெண் கேட்ட கேள்விக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

குடும்ப வன்முறைச் சட்டம் அமலுக்கு வந்தது இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டுக் கடைசியில். அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் நான் அங்கன்வாடி மேற்பார்வையாளர். எந்தப் பிள்ளைக்கு எடை ஏறவில்லை, எந்த மையத்தில் சத்துமாவில் வண்டு விழுந்தது என்று பார்த்துக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டு, இனிமேல் நீங்கள் பாதுகாப்பு அலுவலர், கூடுதல் பொறுப்பு என்று ஒரு தாளைக் கையில் கொடுத்தார்கள். மூன்று நாள் பயிற்சி. முதல் இரண்டு நாள் வரவேற்புரையிலும் நன்றியுரையிலும் போயிற்று. மூன்றாவது நாள் ஒரு வழக்கறிஞர் அம்மாள் வந்து சட்டத்தை வரிவரியாகச் சொன்னார். நான் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். "தங்கியிருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டாம் என்று பெண் கேட்டுக்கொண்டால், எதிர்த்தரப்புக்குத் தெரியவிடக் கூடாது" என்ற வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. இரண்டு கோடுகளும் நேராகவே இருக்கின்றன.

மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை கொடுத்தார்கள். ஒரு மேஜை, மூன்று நாற்காலி, சாவி இல்லாத பீரோ. வெளியே நடையில் ஒரு மர பெஞ்சு. வருகிற பெண்கள் அதில் உட்கார்ந்திருப்பார்கள். மேலே யாராவது படி ஏறினால் எங்கள் தலைக்கு மேல் தடதடவென்று கேட்கும். பாதிப் பெண்கள் அந்தச் சத்தத்துக்கே திடுக்கிட்டுக் கதவைப் பார்ப்பார்கள்.

எனக்கு மேலதிகாரி மரியநாதன் சார். புதுச்சேரி நகரத்துக் கத்தோலிக்கக் குடும்பம், சின்ன வயதில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். பெண் ஊழியர்கள் எல்லாரையும் 'மதாம்' என்றுதான் கூப்பிடுவார், தரை பெருக்குகிற அஞ்சலையையும் சேர்த்து. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அவ்வளவுதான். ஓர் அறிக்கையைக் கொண்டுபோய் வைத்தால், ஒரு அடி நீளமுள்ள மர ஸ்கேலை எடுத்து முதல் வரிக்குக் கீழே வைப்பார். படிப்பார். ஸ்கேலை ஒரு வரி இறக்குவார். மறுபடி படிப்பார். ஏழு பக்க அறிக்கையை இப்படி முக்கால் மணி நேரம் படிப்பார். எங்காவது ஒரு கட்டம் காலியாக இருந்தால் ஸ்கேல் அங்கே நின்றுவிடும். விரலால் அதன் மேல் இரண்டு தட்டுத் தட்டுவார்.

"மதாம், இங்க ஒரு ஓட்ட இருக்குது."

முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. மனுஷி அடிபட்டு வந்திருக்கிறாள், இவர் கட்டத்தை எண்ணிக்கொண்டிருக்கிறாரே என்று நினைப்பேன். அந்த எரிச்சல் முதல் வருடமே போய்விட்டது. சுற்றுப்பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண் வந்தாள். மாமனார் வைக்கோல் பிரியால் கட்டிப்போட்டு அடித்திருக்கிறார். அவள் அறிக்கையில் சம்பவம் நடந்த இடம் என்ற கட்டத்தை நான் நிரப்பவில்லை. வீட்டில்தானே அடிப்பார்கள், இதில் எழுத என்ன இருக்கிறது என்ற நினைப்பு. அன்றைக்கு சார் விடுப்பில் இருந்தார், ஸ்கேல் அதன் மேல் படவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு கட்டத்தைப் பிடித்துக்கொண்டார். அறிக்கை திரும்பி வந்தது. திருத்தி, கையெழுத்து வாங்கி, மறுபடி சேர்ப்பதற்குள் மூன்று வாரம் ஓடிவிட்டது. அந்த மூன்று வாரமும் அவள் அதே வீட்டில், அதே மாமனாரோடு இருந்தாள். சார் என்னைத் திட்டவில்லை.

"காலிக் கட்டம் எதிர்வக்கீலுக்கு நம்ம தொறந்து வக்கிற கதவு மதாம்" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து என் அறிக்கைகளில் காலிக் கட்டம் கிடையாது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் வந்துவிட்டது.

ஸ்டெல்லா வந்தது தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில். நான் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். பக்கத்தில் ஆறு வயதுப் பெண் குழந்தை, ஜெனி. ஸ்டெல்லாவின் இடது கையில் கடைசி இரண்டு விரல்கள் மடங்கவில்லை. கதவிடுக்கில் வைத்துச் சாத்தியிருக்கிறான் புருஷன். குழந்தைக்கு வீணாய்ப்போன படிவம் ஒன்றைத் திருப்பிக் கொடுத்துப் படம் போடச் சொன்னேன். அது கதவில்லாத ஒரு வீட்டைப் போட்டுக்கொண்டிருந்தது.

படிவத்தில் ஒவ்வொரு சம்பவத்துக்கும் தேதி, நேரம், இடம் கேட்பார்கள். அடி வாங்கியவர்களுக்குத் தேதி நினைவிருக்காது. ஸ்டெல்லாவுக்குத் திருநாள்கள்தான் நினைவிருந்தன.

"மாதா கொடியேத்தத்துக்கு மறுநாள் தலையப் புடிச்சி செவுத்துல மோதினாரு மேடம். விரல் போனது பெரிய வியாழனன்னைக்கு. கோயிலுக்குப் போறேன்னு கெளம்பினேன், அதுக்கு."

மரியநாதன் சார் அறையில் மாட்டியிருந்த மாதா கோயில் காலண்டரைக் கழற்றி வந்து, திருநாள் திருநாளாகப் புரட்டித் தேதி எழுதினேன். போன வருடக் காலண்டரையும் அவர் சுருட்டி வைத்திருந்தார். அதையும் கேட்டு வாங்கினேன். இரண்டு காலண்டரிலுமாக ஒன்பது சம்பவங்கள் வந்தன. பாலியல் வன்முறை என்ற தலைப்பு வந்தபோது அவள் குழந்தையைப் பார்த்தாள். நான் அஞ்சலையைக் கூப்பிட்டுக் குழந்தையை வெளியே கூட்டிப்போகச் சொன்னேன். அவள் சொன்னாள். எழுதினேன். அதை இங்கே எழுத மாட்டேன்.

புருஷன் பெயர் விக்டர். வீடு அரியாங்குப்பத்தில். அவன் அப்பா பிரெஞ்சுப் படையில் சிப்பாய், எங்கள் ஊர் வழக்கில் சொல்தா. அந்த வழியில் விக்டருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை. சில வருடம் அங்கே வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவன்.

"ஜெனி பேரையும் அங்க பதிஞ்சாச்சு மேடம். பாஸ்போர்ட்டு அவர்கிட்ட இருக்குது. எனக்கு ஒண்ணும் கெடையாது. அவர் நெனச்சா பொண்ணத் தூக்கிக்கினு ஏறிடுவாரு. அப்புறம் நான் எங்க போயி தேடறது?"

"இப்ப எங்கம்மா தங்கியிருக்கற?"

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். பிள்ளைச்சாவடியில் அவளுடைய அக்கா லூர்து இருக்கிறாள். மீன்பிடிக்கிற குடும்பத்துப் பையனைக் காதலித்துக் கட்டிக்கொண்டவள். பத்து வருடத்துக்கு முன்பே அப்பாவும் அம்மாவும் அவளைத் தலைமுழுகிவிட்டார்கள். வீட்டில் அவள் பெயரை எடுப்பதில்லை. ஸ்டெல்லாவுக்கு இப்படி ஒரு அக்கா இருப்பதே விக்டருக்குத் தெரியாது. ஸ்டெல்லா மட்டும் வருடத்துக்கு ஒரு தடவை, மாதா திருவிழாக் கூட்டத்தில் அக்காவை ரகசியமாகப் பார்ப்பாளாம். அம்மா வீட்டுக்குப் போனால், பொறுத்துக்கோ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். குடும்பம் ஒதுக்கிய அக்காதான் கதவைத் திறந்து உள்ளே விட்டிருக்கிறாள்.

"நீங்க என்னா வேணா எழுதிக்குங்க மேடம். எங்கக்கா வூடு மட்டும் அவருக்குத் தெரியக் கூடாது. அது ஒண்ணுதான் எனக்கு இருக்குது."

அவனுக்குத் தெரியாதும்மா என்றேன். தற்போதைய முகவரி என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன். நான் ஓய்வு பெறும்வரை சரியாகச் செய்த காரியங்களில் அதையும் சேர்க்கலாம், ஒரு மணி நேரத்துக்கு மட்டும்.

அறிக்கை சார் மேஜைக்குப் போயிற்று. ஸ்கேல் இறங்கிக்கொண்டே வந்தது. முதல் பக்கத்திலேயே நின்றது. இரண்டு தட்டு.

"மதாம், இங்க ஒரு ஓட்ட இருக்குது."

"ரகசியமா இருக்கணும்னு அந்தப் பொண்ணு கேக்குது சார்."

"கோர்ட்டுக்கு ரகசியம் எதுக்கு? ஆர்டர் வந்தா எந்த வீட்டுக்குப் பாதுகாப்பு குடுன்னு போலீசுக்குச் சொல்லுவாங்க? போன தடவ மூணு வாரம் போச்சு. ஞாபகம் இருக்குதா?"

ஞாபகம் இருந்தது. வைக்கோல் பிரி ஞாபகம் இருந்தது. நோட்டில் போட்ட இரண்டு கோடு ஞாபகம் வரவில்லை. வந்திருந்தாலும் அவரிடம் எதிர்த்துப் பேசியிருப்பேனா என்று தெரியவில்லை. பேனாவை எடுத்து, "லூர்துமேரி வீடு, கோயிலுக்குப் பின்னால் இரண்டாவது சந்து, பிள்ளைச்சாவடி" என்று கதவு எண்ணோடு எழுதினேன். என் கையெழுத்து எப்போதும் தெளிவாக இருக்கும். அன்றைக்கும் தெளிவாகத்தான் இருந்தது.

மனு நீதிமன்றத்துக்குப் போயிற்று. விசாரணைக்கு நாள் குறித்து விக்டருக்கு நோட்டீசு வந்தது. மற்ற வழக்கில் நீதிமன்ற அமீனா கொண்டுபோவார். இந்தச் சட்டத்தில் அப்படி இல்லை, இரண்டு நாளுக்குள் பாதுகாப்பு அலுவலரே சேர்க்க வேண்டும். அதனால் நானேதான் பஸ் ஏறிப் பாலத்தைத் தாண்டி அரியாங்குப்பம் போனேன். கையில் தடித்த கவர். நோட்டீசு, மனுவின் நகல், மனுவோடு என் அறிக்கையின் நகல், எல்லாம் சேர்த்துக் குண்டூசி குத்தி முத்திரை வைத்திருந்தார்கள். எதிர்த்தரப்புக்கு எல்லா நகலும் கொடுக்க வேண்டும் என்பது விதி. அந்த விதியும் எனக்குத் தெரியும். முகவரியை எழுதிய கைக்கும் கவரைத் தூக்கிப் போன கைக்கும் நடுவில் இருந்த என் தலை மட்டும் வேலை செய்யவில்லை.

விக்டர் கேட்டைத் திறக்காமல் பேசினான்.

"நாங்க பிரான்ஸ் நேஷனாலிட்டி. உங்க சட்டம்லாம் எங்களுக்குச் செல்லாது. போயி ஒங்க ஆபீசர வரச் சொல்லு."

"இங்க குடியிருந்தா இங்கத்திய சட்டம்தான் சார். வாங்கிக் கையெழுத்துப் போடுங்க. இல்லன்னா கதவுல ஒட்டிட்டுப் போயிடுவேன்."

தெருவில் நாலு பேர் நின்றுவிட்டார்கள். நான் நிமிர்ந்து நின்றேன். அவன் கவரைப் பிடுங்கிப் பிரித்தான். கத்திக்கொண்டே முதல் தாளைப் புரட்டினான், இரண்டாவதைப் புரட்டினான். அறிக்கையின் முதல் பக்கம் வந்தபோது சத்தம் நின்றது. ஒரு வரியில் விரலை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றான். பிறகு மெதுவாகத் தாள்களை ஒழுங்காக அடுக்கினான். கேட்டைத் திறந்தான்.

"கோவத்துல பேசிட்டேன் மேடம். மன்னிச்சிக்குங்க. எங்க கையெழுத்து போடணும்? வெய்யில்ல வந்திருக்கீங்க, தண்ணி குடிக்கிறீங்களா?"

சட்டத்தைக் கண்டதும் எப்படி அடங்கிவிட்டான் பார் என்று நினைத்தேன். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வந்தேன். மாலையில் வீட்டுக்காரரிடம், இன்றைக்கு ஒருத்தனை வழிக்குக் கொண்டுவந்தேன் என்று சொன்னேன். அவன் கொடுத்த தண்ணீரையும் குடித்திருந்தேன்.

மறுநாள் பகலில் அவன் பிள்ளைச்சாவடிக்குப் போயிருக்கிறான். ஸ்டெல்லா தையல் கம்பெனி வேலைக்குப் போயிருந்தாள். லூர்துவின் புருஷன் கடலிலிருந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தான். வாசலில் நின்ற லூர்துவிடம், விக்டர் முத்திரை வைத்த தாளைக் காட்டி, கோர்ட்டு உத்தரவு வந்திருக்கிறது, குழந்தையை அப்பாவிடம் விடச் சொல்லியிருக்கிறது, உன் வீட்டு நம்பரே போட்டிருக்கிறது பார் என்று சொல்லியிருக்கிறான். லூர்துவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். தன் பெயரும் கதவு எண்ணும் அதில் இருப்பதைப் பார்த்துவிட்டாள். அரசாங்கத்துக்குத் தெரியாமல் தன் பெயர் எப்படி வரும்? குழந்தைக்குத் தலை வாரிவிட்டு, செருப்பை மாட்டி அனுப்பியிருக்கிறாள்.

அதற்கடுத்த நாள் காலை ஸ்டெல்லா என் அறைக்கு வந்தாள். உட்காரவில்லை.

"அக்காதான் காட்டிக் குடுத்துட்டா மேடம். கேட்டா, காயிதத்துல எங்கூட்டு நம்பர் இருந்துச்சுன்றா. கோர்ட்டுக் காயிதத்துல அவ வூட்டு நம்பர் எப்படி வரும்? நீங்க எழுதலல்ல?"

இப்போதும் அந்த இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறேன். அவள் என்னைச் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. இல்லை என்று நான் சொல்வேன் என்ற நம்பிக்கையோடு கேட்டாள்.

"எடத்த நாங்க யாருக்கும் சொல்லக் கூடாதும்மா. சட்டத்துலயே இருக்குது" என்றேன்.

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதனால்தான் சொல்ல முடிந்தது.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். "அப்ப அவதான். எவ்ளோ வாங்கினாளோ. எங்கம்மா அப்பவே சொன்னாங்க, அவ வெளங்க மாட்டான்னு."

அவள் போனதும் அலுவலக நகலை எடுத்துப் பார்த்தேன். பார்க்காமலே தெரிந்த விஷயம்தான். சார் அறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். முகம் வெளுத்துப் போயிருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

"அந்தப் பொண்ணுகிட்ட போய்ச் சொல்லிடறேன் சார்."

"சொன்னா குழந்தை திரும்பி வந்துடுமா மதாம்?" என்றார். "இந்த ஆஃபீஸ் காட்டிக் குடுத்துட்டுதுன்னு வெளிய போச்சுன்னா, பெஞ்சுல உக்காந்திருக்கற அடுத்த பொம்பள எழுந்து போயிடுவா. மொதல்ல குழந்தைக்கு மனு போடுங்க. அத அப்புறம் பாப்போம்."

அது நியாயம் போலத்தான் இருந்தது. என் கோழைத்தனத்துக்கு அவர் ஒரு சட்டை தைத்துக் கொடுத்தார், அளவு கச்சிதமாக இருந்தது. நானும் போட்டுக்கொண்டேன். அவரைக் குற்றம் சொல்லவில்லை. அவர் ஒரு தடவைதான் சொன்னார். அதற்குப் பிறகு எத்தனையோ நாள் வந்தது, ஒவ்வொரு நாளும் வாயை மூடிக்கொண்டிருந்தவள் நான்தான்.

குழந்தைக்காக மனுப் போட்டோம். காவல் நிலையத்தில், அப்பனிடம்தானே இருக்கிறது, கடத்தல் என்று எப்படி எழுதுவது என்றார்கள். நீதிமன்றத்தில் நாள் கொடுத்தார்கள். அந்த நாள் வருவதற்குள் விக்டர் ஸ்டெல்லாவுக்கு ஆள் விட்டுச் சொல்லியனுப்பினான். வழக்கை வாபஸ் வாங்கிவிட்டு வீட்டுக்கு வந்தால் குழந்தை இங்கே இருக்கும், இல்லாவிட்டால் விமானம் ஏறும்.

விசாரணையன்று மாஜிஸ்திரேட் நல்லபடியாகத்தான் கேட்டார். "யாராவது கட்டாயப்படுத்துறாங்களாம்மா? பயப்படாம சொல்லு."

"இல்லிங்கய்யா. நானாத்தான் போறேன்."

இலவச சட்ட உதவிக்கு வந்த வக்கீல் பையன் தலையைக் குனிந்துகொண்டான். இரண்டு நிமிடத்தில் முடிந்தது. ஒன்பது சம்பவங்களும் அதோடு முடிந்தன.

வெளியே மரத்தடியில் லூர்து நின்றிருந்தாள். கையில் ஒரு துணிப்பை, அதில் ஜெனியின் பாவாடை சட்டைகள். ஸ்டெல்லா அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். போனாள். பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிறாள் என்ற அடையாளமே முகத்தில் இல்லை. லூர்து என்னிடம் வந்தாள். அப்போதுதான் அவளை முதல்முதலாகப் பார்க்கிறேன். தங்கையைவிட நல்ல உயரம்.

"நீங்களாவது அவகிட்ட சொல்லுங்க மேடம். நான் யார்கிட்டயும் சொல்லல. அந்தக் காயிதத்துல எம் பேரு இருந்துச்சு. ரெண்டு கண்ணால பாத்தேன்."

ஸ்டெல்லா அப்போது நீதிமன்ற வாசலைக்கூடத் தாண்டவில்லை. கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். சார் சொன்ன பெஞ்சும் அடுத்த பெண்ணும் அந்த நேரம் பார்த்து எனக்கு ஞாபகத்துக்கு வந்தார்கள்.

"விசாரிக்கிறேம்மா" என்றேன். அரசாங்க ஊழியர் வாயில் இந்த வார்த்தை எப்போதும் தயாராக இருக்கும்.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் தற்போதைய முகவரி என்ற கட்டத்தில் அலுவலக முகவரியை எழுதினேன். நிஜ முகவரி ஒட்டிய கவரில் போனது. முதல் தடவை சாரின் ஸ்கேல் அந்த வரியில் வந்து நின்றது. தட்டுவார் என்று காத்திருந்தேன். தட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு வரி இறக்கினார். அவர் ஓய்வு பெற்றுப் போகும்வரை நாங்கள் ஸ்டெல்லா பெயரை எடுக்கவில்லை. நடுவில் பல பெண்கள் தப்பித்தார்கள், வீட்டை மீட்டார்கள், பிள்ளையை மீட்டார்கள். என் பணி நிறைவு விழாவில் அதையெல்லாம் எண்ணிச் சொல்லி மாலை போட்டார்கள். யாருக்கு முதலில் நான் அந்தக் கவரை ஒட்டியிருக்க வேண்டுமோ அவள் அந்தக் கணக்கில் வரவில்லை.

வழக்கை வாபஸ் வாங்கி ஒன்றரை வருடத்தில் ஸ்டெல்லா இறந்துபோனாள். எப்படி என்று இங்கே எழுதவில்லை. பதிவேட்டில் விபத்து என்று இருக்கிறது. விபத்தா என்று விசாரிக்க யாரும் வரவில்லை, அம்மா வீட்டிலிருந்தும் வரவில்லை. சில வாரங்களில் விக்டர் ஜெனியைக் கூட்டிக்கொண்டு விமானம் ஏறினான்.

சேதி சொன்னது அவளோடு தையல் கம்பெனியில் வேலை பார்த்த ஒரு பெண். வேறு ஒரு வேலையாக எங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தாள். சாவதற்கு ஒரு வாரத்துக்கு முன் ஸ்டெல்லாவைப் பேருந்து நிலையத்தில் பார்த்தாளாம். வடக்கே போகிற பஸ்கள் நிற்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தாளாம், பக்கத்தில் ஜெனி, மடியில் பை.

"கழுத்தெல்லாம் செவந்து கெடந்துது மேடம். என்னாடி இதுன்னா பேச மாட்டேன்றா. பிள்ளைச்சாவடில ஒங்கக்கா இருக்குதே, அங்க போயேன், இதோ பஸ்ஸு நிக்குதுன்னேன். எனக்கு அக்கா கெடையாதுன்னா. மூணு பஸ்ஸு போச்சு மேடம், என் கண்ணு முன்னால. அப்புறம் எழுந்து அரியாங்குப்பம் பஸ்ல ஏறிட்டா."

குழந்தையை மீட்டுக் கொடுக்க என்னால் முடிந்திருக்காது. விக்டரைத் திருத்த முடிந்திருக்காது. ஆனால் அவளுடைய அக்காவை அவளுக்குத் திருப்பிக் கொடுக்க என்னால் முடிந்திருக்கும். அதற்கு மனு வேண்டாம், முத்திரை வேண்டாம், வாயைத் திறந்தால் போதும். நான்தான் எழுதினேன் என்று சொல்லியிருந்தால் என்னைக் காறித் துப்பியிருப்பாள், இந்த அலுவலகத்துப் படியை மிதித்திருக்க மாட்டாள். முதல் பஸ்ஸில் ஏறியிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைச்சாவடிக்குப் போனேன். ஸ்டெல்லா ஏறாமல் விட்ட அதே பஸ், நடுவில் தமிழ்நாட்டுக்குள் புகுந்து வெளியே வருவது. நான் கையால் எழுதிய முகவரி, யாரையும் வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. கோயிலுக்குப் பின்னால் இரண்டாவது சந்து. லூர்து வாசலில் உட்கார்ந்து வலையிலிருந்து சின்ன நண்டுகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ஸ்டூல் எடுத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை.

"அந்த அட்ரஸ நான்தாம்மா எழுதினேன். நான்தான் அவன் கையில குடுத்தேன். ஒந்தங்கச்சி கேட்டப்ப சொல்லாம மறச்சிட்டேன்."

அவள் கை நிற்கவில்லை. ஒரு நண்டின் காலை நூலிலிருந்து பக்குவமாக எடுத்துவிட்டாள்.

"எனக்குத் தெரியும் மேடம். நான் சொல்லல. அப்ப வேற யாரு?"

"தெரிஞ்சும் ஏம்மா என்ன ஒண்ணும் கேக்கல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். அன்னைக்கு மரத்தடியில அவ அங்கதான போய்க்கிருந்தா." வலையை உதறினாள். "எங்கிட்ட சொல்ல இவ்ளோ தூரம் வந்துட்டீங்க. எனக்கு எதுக்கு மேடம் இது? அவகிட்ட சொல்லியிருக்கணும்."

அடுத்த நண்டை எடுத்தாள். திட்டியிருந்தால் கொஞ்ச நேரம் நின்றிருப்பேன். கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு நடந்து வந்து நிறுத்தத்தில் நின்றேன். புதுச்சேரி பஸ் உடனே வந்தது. ஏறி உட்கார இடமும் கிடைத்தது.